எடைக்கல் தொங்கிய வால்வு

ஞாயிறு தவறாமல் வாய்க்கால் கரை மடத்துக்கு வருகிறவன் தெய்வசிகாமணி. அரிசி ஆலையில் பாய்லரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மடத்துச் சாமி அவனைவிட இரண்டொரு வயது இளையவர்தான். ஆனாலும் அவர் முன்னால் கைகட்டித்தான் நிற்பான்.

அன்று கும்பிட்டவன் உட்காரவில்லை.

"சாமி, ஆலையில ஒரு தப்பு நடக்குது. மேல சொல்லிடலாமான்னு மனசு கிடந்து அடிச்சுக்குது."

"என்ன தப்பு?"

"பாய்லர் பழசு. தகடெல்லாம் தேஞ்சு போச்சு. ஆவி கொஞ்சம் கூடினாலே வால்வு திறந்து வெளியே விட்டுடணும். திறக்காம இருக்க அதுல ஒரு எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கு. ஆவி கூடினா நெல்லு சீக்கிரம் வேகும், முதலாளிக்கு ஆதாயம். இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் கல்லைக் கழட்டிடறது."

"கட்டினது யாரு?"



"முதலாளி கட்டச் சொன்னாரு."

"கட்டினது யாருன்னு கேட்டேன்."

"நான்தான் சாமி."

"கழட்டுறது?"

"அதுவும் நான்தான்."

பிறகு மடமடவென்று கொட்டினான். மகளுக்கு ஆபரேஷன் என்றபோது முதலாளிதான் ஓடி வந்தார். வெளியே சொன்னால் தன் லைசென்ஸும் சேர்ந்து போய்விடும். வேறு தொழில் தெரியாது. எல்லாம் நியாயமான பயம்தான். பயத்துக்கு நியாயம் கிடைப்பதில் நம் ஊரில் என்றைக்குமே பஞ்சம் கிடையாது.



மறுநாள் காலை சாமி பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆலைக்கே வந்துவிட்டார். நேரே பாய்லர் கொட்டகைக்குள் போய்ப் பாயை விரித்து உட்கார்ந்தார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மடத்துக்கு மாதாமாதம் அரிசி கொடுக்கிறவர் அவர்தான். சாமியே தேடி வந்துவிட்டாரே என்று இளநீர் வெட்டிக் கொடுத்தனுப்பினார்.

தெய்வசிகாமணிக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இங்க வேணாம் சாமி. அனல் அடிக்கும்."

"அடிக்கட்டும்."

"ஆபீஸ் ரூம்ல ஃபேன் இருக்கு."

"இருக்கட்டும்."

கடைசியில் யாரையும் கேட்காமல் ஏணியில் ஏறிக் கல்லைக் கழற்றி மூலையில் போட்டான். வால்வு அன்று முழுக்கச் சீறிக்கொண்டிருந்தது. நெல் ஏன் இன்னும் வேகவில்லை என்று முதலாளி இரண்டு தடவை வந்து சத்தம் போட்டார். சாமி இருந்ததால் கெட்ட வார்த்தை சொல்லவில்லை.

வெயில் இறங்கியதும் சாமி எழுந்தார்.

"இன்னிக்கு ஏன் கழட்டினே?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே சாமி."

கொட்டகைச் சுவரை ஒட்டினாற்போல நெல் காயப்போடும் களம். பெண்கள் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டு நடந்தார்கள். சாமி அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அவங்க தினம் இருக்காங்களே."

அவ்வளவுதான். பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே தெய்வசிகாமணி போய்ச் சொல்லிவிட்டான். தான் கட்டியதையும் மறைக்கவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், பாய்லருக்குச் சீல் வைத்தார்கள். முதலாளி அபராதத்தைக் கட்டிவிட்டு, பக்கத்து ஊரில் இருந்த தன் இன்னொரு ஆலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. இவன் லைசென்ஸ் போனது. களத்துப் பெண்களுக்கு வேலை போனது. மடத்துக்கு வந்த அரிசியும் நின்று, சாமி ஒருவேளைக் கஞ்சிக்கு இறங்கிவிட்டார். டீக்கடையில் தெய்வசிகாமணியைக் கண்டால் பேச்சு நின்றது. உப்பைத் தின்ற வீட்டுக்கு உலை வைத்தவன் என்று அவன் காதுபடவே சொன்னார்கள். உண்மையைச் சொன்னவனுக்கு இதுதான் மரியாதை. கேட்கவே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு மடத்துக்கு வந்தவன் கும்பிடக்கூட இல்லை.

"திருப்திதானே சாமி?"

சாமி கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். தெய்வசிகாமணி நிறுத்தவில்லை.

"வெடிச்சிருந்தா என்னை நம்பியிருப்பாங்க. வெடிக்கலையே! இத்தனை வருஷம் வெடிக்காதது இனிமேயா வெடிக்கப் போவுதுன்னு கேக்குறாங்க. என்கிட்ட என்ன பதில் இருக்கு?"

ஊர்ப் பக்கம் கையை நீட்டினான்.

"யாருக்காகப் போய்ச் சொன்னேன்? அந்தப் பொம்பளைங்களே நேத்து வாசல்ல வந்து நின்னு மண்ணை வாரித் தூத்துறாங்க. எங்க வயித்துல அடிச்சியே பாவி, நீ விளங்குவியான்னு கேக்குறாங்க. எம் பொண்ணு கதவுக்குப் பின்னால நின்னு அழுவுறா."

"எல்லாருமா வந்தாங்க?"

"எல்லாரும்தான். வாயில்லாப் பூச்சின்னு நினைச்சுட்டிருந்தேன் செல்லக்கிளியை, அவகூட வந்து காறித் துப்பிட்டுப் போனா."

"நல்லா பாத்தியா?"

"என் வாசல்ல நின்னு ஏசினவங்களை எனக்குத் தெரியாதா சாமி?"

"ஒருத்திகூடக் குறையலையே?"