வௌவாலின் கற்றாழையும் தவளையின் தொண்டையும்

காட்டுக் குளத்தில் ஒரு தவளை இருந்தது. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்! மழை பெய்தால் போதும், தொண்டையைப் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு கச்சேரியை ஆரம்பித்துவிடும். முயலும் மானும் கரையில் உட்கார்ந்து தலையாட்டும்.

குளத்தோர மருதமரத்தில் ஒரு வௌவால் குடிவந்தது. அது வந்ததுதான் தாமதம், கச்சேரிக் கூட்டம் கலைந்துவிட்டது!

பொழுது சாயும் வேளையில் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எல்லாம் மரத்தடியில் வரிசை கட்டினார்கள். வௌவால் அவர்கள் வயிற்றில் கற்றாழைச் சோற்றைப் பூசும். வாயை வைத்து அழுத்தி ஒரு தடவை திறக்கும். உடனே மூடிக்கொள்ளும். பிறகு காதை மட்டும் ஆட்டும்.

"முயலு, உனக்கு நாலு குட்டி. எல்லாம் நல்லா இருக்கு. போய்ப் புல்லு தின்னு!"

அவ்வளவுதான். முயல் துள்ளிக்கொண்டு போகும்.

தவளைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வாயைத் திறக்குறா, ஒரு சத்தமும் வரல! இதுக்கா இந்தக் கூட்டம்? நான் தொண்டை கிழியக் கத்தினப்போ ஒருத்தியாவது வரிசையில நின்னாளா?"

பக்கத்தில் இலை மென்றுகொண்டிருந்த ஆமை கேட்டது: "உனக்கு ஏன் வயிறு எரியுது? நீ என்ன முழுகாம இருக்கியா?"

"எனக்கா? எனக்கு ஏன் எரியணும்!"

எரிகிறவர்கள் எல்லாரும் சொல்கிற பதில்தான்.

மறுநாள் மத்தியானம் வௌவால் தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில் இலைமேல் கற்றாழைத் துண்டுகள் இருந்தன. தவளை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துக் குளத்தில் தள்ளியது. மீன்கள் ஒரு துண்டு விடாமல் தின்று தீர்த்தன. தவளைக்கு அன்றைக்குத்தான் சாப்பாடு இறங்கியது.

அந்த நேரம் பார்த்து ஒரு புள்ளிமான் தள்ளாடிக்கொண்டு வந்தாள். நிறைமாசம்.

"தவளையண்ணே, வௌவாலக்கா இருக்காங்களா? ரெண்டு நாளா குட்டி அசையவே இல்ல. எனக்குப் பயமா இருக்கு!"

"அவ தூங்குறா. நான் பார்க்கிறேன், படு!"

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன பெரிய வித்தை! அவ குரல் பக்கத்துக் கிளைக்குக்கூடக் கேட்காது. என் குரல் காடு முழுக்கக் கேட்கும். எது பெருசு, நீயே சொல்லு!"

தவளை அவள் வயிற்று ரோமத்தில் வாயை வைத்து, "கொர்ர்ர்! கொர்ர்ர்!" என்று மூச்சு விடாமல் கத்தியது. பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லித் தொலைக்கலாம். அந்த நாக்குக்கு அது மட்டும் வராதே!

"உள்ள உயிர் இல்லம்மா" என்றது.

மான் அப்படியே சாய்ந்தாள். தண்ணீருக்குப் பக்கத்தில் கிடந்தும் ஒரு வாய் குடிக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் ஆமை கத்தி வௌவாலை எழுப்பியது. வௌவால் இறங்கி வந்து இலையைப் பார்த்தது.

"கற்றாழை எங்கே?"

தவளை வானத்தைப் பார்த்தது.

"கால் முளைச்சுக் குளத்துக்குப் போயிடுச்சு" என்றது ஆமை. "தவளைக்கால்!"

"மலைக்கு அந்தப் பக்கம் போனாத்தான் இனி கற்றாழை" என்றது வௌவால்.

"அது இல்லாம முடியாதோ? பெரிய வித்தைக்காரியாச்சே!" என்றது தவளை.

"முடியாது. ரோமத்துக்கு நடுவுல காத்து இருக்கு. சத்தம் காத்துல இருந்து உடம்புக்குள்ள நுழையப் பார்த்தா, தோல்லயே மோதித் திரும்பிடும். தண்ணி ஊத்தினா வழிஞ்சிடும். வழவழப்பா ஏதாவது பூசி, காத்தை வெளியேத்தணும். நீ வறட்டு ரோமத்துலதானே கத்தினே? அதுவும் தடிச்ச குரல். சின்னதைத் தொட்டுத் திரும்ப அதுக்குத் துப்பு ஏது? என் குரல் உங்க காதுக்கு எட்டாத கீச்சு. சின்ன எலும்புல பட்டாலும் திரும்பி வரும். கிட்ட இருக்கிறதுல பட்டது சீக்கிரம் வரும், தள்ளி இருக்கிறதுல பட்டது தாமதமா வரும். அதை வெச்சுத்தான் எது எங்கேன்னு சொல்றேன்."

பிறகு தவளையை மேலும் கீழும் பார்த்தது. "உன் உடம்பு வழவழன்னுதானே இருக்கு? வா, இவ வயித்து மேல புரளு!"

தவளை தயங்கியது. குட்டி உயிரோடு இருந்துவிட்டால்? 'பொய்க்காரன்' என்று காடே சிரிக்குமே! இவளுக்கு இன்னும் பேர் வருமே!

மான் கண்ணைத் திறந்தாள். "அண்ணே..." என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

தவளை ஏறிப் புரண்டது. வயிறு பிசுபிசுவென்று நனையும்வரை புரண்டது.

"போதும், அப்படியே ஒட்டிக்கிட்டுக் கிட. வாயை மூடு! நான் கத்துறது ஒரு நொடி. கேட்கிறதுதான் மிச்ச நேரமெல்லாம்."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தவளை வாயை மூடியது.

வௌவால் ஒரு தடவை வாயைத் திறந்து மூடியது. காது ஆடியது. அந்த அமைதியில் தவளையின் வயிற்றுக்கடியில் மெதுவாக ஒரு துடிப்பு. அது தாயுடையது. அதற்குள்ளே இன்னொன்று, பொடிசாக, ஓட்டமும் நடையுமாக!

"துடிக்குது!" என்று தவளை அலறியது. "அக்கா, துடிக்குது!"

"ஆமா, துடிக்குது. சோம்பேறி, முதுகைக் காட்டிப் படுத்திருக்கு. உள்பக்கமா உதைக்குது, அதான் உனக்குத் தெரியல" என்று வௌவால் மானிடம் சொன்னது.

மான் எழுந்து போய்க் குளத்தில் வயிறு முட்டக் குடித்தாள். தவளை யாரும் சொல்லாமலேயே மலைப்பக்கம் தத்தித் தத்திக் கிளம்பியது, கற்றாழை கொண்டுவர.

பொறாமையில் கத்துகிறவருக்குத் தன் குரல் ஒன்றுதான் கேட்கும். வாயை மூடிக் காது கொடுப்பவருக்கே அடுத்தவருக்குள் துடிக்கும் உயிர் கேட்கும்.