குபேர மூலையின் வாடை

ஒரு பழைய காரை வீட்டில் ஒரு மக்கல் வாடை இருந்தது. அதற்கு அந்த வீட்டில் இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் வரிசை மாறாமல் சொல்லிவிட வேண்டும். வரிசை மாறினால் அநீதி செய்தவர்களுக்குத்தான் வசதி.

முதலில் சாம்பிராணி போட்டார்கள். வாடை போகவில்லை, வீட்டுக் குழந்தைதான் இருமியது. அடுத்துப் பினாயில். அதற்கடுத்துப் பாச்சை உருண்டை. பிறகு பொங்கல் வந்தது. சுவரில் கறுத்திருந்த கறையின் மேலேயே பளபளவென்று பெயிண்டை அடித்து, ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூசினார்கள். கறை மறுபடி தலைகாட்டியது. இரும்புப் பீரோவைத் தள்ளி அதன் முன்னால் நிறுத்தினார்கள். அது தென்மேற்கு மூலை, குபேர மூலை. நிறுத்தியது கறையை மறைக்க. வெளியே சொன்னது செல்வம் பெருக. கடைசியாகச் செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய கொடுமை. பழகிப்போனார்கள். "வாடையா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்கள். அடித்தவனைக்கூட மன்னித்துவிடலாம். எதிரே ஆள் நிற்கும்போதே அங்கே யாருமில்லை என்கிறவனை என்ன செய்வது?

அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறை. சுவருக்குள் ஓடிய குழாய் எங்கோ கசிந்து, கல்லெல்லாம் ஓதம் ஏறிக் கிடந்தது. ஓதத்தைக் குடித்துப் பூசணம் வளர்ந்தது. பூசணம் பெற்ற மகள்தான் வாடை.

"பேசாம இரு மகளே" என்றது பூசணம். "நம்ம பொழப்புக்குச் சத்தம் ஆகாது. இருட்டு இருக்கு, ஈரம் இருக்கு, முன்னால பீரோ அண்ணாச்சி மறைச்சு நிக்காரு. இன்னும் என்ன வேணும்?"

"பிள்ளைக்கு மூச்சு வாங்குதே."

பீரோவை ஒட்டித்தான் கட்டில். அதில் படுத்து எழுந்த குழந்தை இசைமதியின் நெஞ்சு, விடிந்ததும் விசில் மாதிரிக் கீச்சிட்டது. மருந்து கொடுத்தால் அடங்கும். மறுநாள் விடிந்தால் மறுபடியும் கீச்சிடும்.

"நம்மைக் கண்டுபிடிச்சா சுரண்டிருவாங்க. நான் போனா நீயும் இல்லை. தெரியுமா?"

"தெரியும்" என்றது வாடை.

அது பீரோவிடம் போனது. "அண்ணாச்சி, ஒரு சாண் நகர்ந்து நில்லுங்க. அவங்க பார்த்துக்கிடட்டும்."

"நகரவா?" பீரோ கதவு அதிரச் சிரித்தது. "நான் யாருன்னு தெரியுமா? குபேரன் வந்தா முதல்ல என்னைத்தான் கேப்பான். நாட்காட்டியை வேணா கேட்டுப் பாரு."

ஆணியில் தொங்கிய நாட்காட்டி, அந்த வீட்டுச் சாமான்களில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். "மூலை மாற்றம் விசேஷமல்ல" என்று கேட்குமுன்னே வாசித்தது.

"உங்க முதுகு துரு ஏறித் தின்னுது அண்ணாச்சி. உங்களுக்காகவும்தான் சொல்லுதேன்."

"ஏ நாத்தம் பிடிச்ச கழுதை, போ அந்தப்பக்கம்!"

வாடை ஜன்னலைப் பார்த்தது. கொசுவுக்குப் பயந்து மூடிய கதவுக்குப் பின்னால் ஜன்னல் தூங்குவதுபோல் நடித்தது.

உள்ளே நியாயம் கிடைக்காதவர்கள் தெருவுக்கு வருவார்கள். வாடையும் அதைத்தான் செய்தது. பீரோவின் முதுகில் துரு தின்ற ஓட்டை வழியே உள்ளே ஏறி, அடுக்கியிருந்த பட்டுச்சேலையின் மடிப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு கல்யாணம் வந்தது. இசைமதியின் அம்மா பூரணி அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த நாத்தனார் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன மைனி, சேலையை மழையில நனைச்சு அப்படியே மடிச்சு வச்சீகளோ? ஓதம்லா அடிக்கு!"

எதிர்வரிசையில் சிரித்தார்கள். பூரணிக்கு இலையில் இருந்த சோறு இறங்கவில்லை. வாடைக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு நல்ல மனுஷியைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று மடிப்புக்குள் சுருண்டது. ஆனால் இறங்கி ஓடவில்லை.

பகல் முழுக்க வெளிக்காற்றில் இருந்து திரும்பிய பூரணி, வீட்டு வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். பழகிய மூக்கு பழக்கத்தை மறந்திருந்தது. இப்போது பினாயிலை எடுப்பாள் என்று வாடை ஒடுங்கியது.

பூரணி மூக்கை மூடவில்லை. மூச்சை நன்றாக இழுத்தாள்.

"நீ எங்கேருந்து வாரே?" என்று கேட்டாள்.

துரத்தத்தான் எல்லோரும் வந்தார்கள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். நன்றி என்றால் என்னவென்று அப்போதுதான் வாடைக்குத் தெரிந்தது. பூரணியின் முன்னால் நடந்து, கட்டிலைத் தாண்டி, பீரோவின் பின்னால் போய் நின்றது.

"ஏங்க, இந்தப் பீரோவைப் பிடிங்க" என்றாள் பூரணி.

புருஷன் தில்லைமுத்து பதறினான். "குபேர மூலைட்டி! நகட்டக் கூடாது."

"குபேரன் வந்தா அவனுக்கும் இளைப்புதான் வரும். பிடிங்க!"

பீரோ முனகிக்கொண்டே நகர்ந்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, சுவர் முழுக்கக் கறுப்பாய் இருந்தது. தில்லைமுத்து கட்டிலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இதுக்குப் பக்கத்துலயா பிள்ளையைப் படுக்கப் போட்டோம்?" என்றான்.

இசைமதியை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். தில்லைமுத்து விளக்குமாற்றைத் தூக்க, "வறட்டுனு தேச்சா பொடி பறந்து நெஞ்சுக்குள்ள போகும்" என்று பூரணி தடுத்தாள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துடைத்ததைப் பையில் கட்டி வெளியே போட்டாள். ஆனால் துடைத்ததோடு விடவில்லை. குழாய்க்காரர் வந்து சுவரை உடைத்துக் கசிவை அடைத்தார். பெயிண்டைச் சுரண்டி எடுத்தார்கள். ஜன்னலைத் திறந்து, சுவர் தானாகக் காயும் வரை காத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பு அடித்தார்கள். சுவர் மூச்சு விட்டது.

"பெத்தவளைக் காட்டிக் கொடுத்துட்டியே" என்று சொல்லிக்கொண்டே பூசணம் போயிருந்தது. வாடை திறந்த ஜன்னலில் போய் நின்றது.

"முன்னாடியே திறந்திருக்கணும் நான்" என்றது ஜன்னல்.

"இப்பத் திறந்தியே, அது போதும்" என்றது வாடை.

சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நின்ற பீரோவுக்கு முதன்முறையாக முதுகில் காற்றுப் பட்டது. இசைமதி திரும்பி வந்தாள். காலையில் எழுந்தவள் இருமாமல் கட்டிலில் குதித்தாள். அதைப் பார்த்ததும் பீரோ தொண்டையைக் கனைத்தது.

"நான் அதை நாத்தம்னேன். சபையில சொல்லுதேன், தப்புதான். அது பேரை ஒருதரம் வாசிங்கவே, நாட்காட்டி."

சுவர், ஜன்னல், கட்டில் எல்லாம் சாட்சிக்கு நின்றன. அன்றைய தாளில் இருந்த நல்ல நேரத்தை விட்டுவிட்டு, நாட்காட்டி உரக்க வாசித்தது.

"மக்கல் வாடை."

எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். காய்ந்த சுண்ணாம்பு மணந்தது. கட்டிலில் பிள்ளை சிரித்தது. பதில் மட்டும் வரவில்லை.

பீரோ கதவு லேசாக நடுங்கியது. "இன்னொருக்க வாசிங்க" என்றது.

"மக்கல் வாடை."