தண்ணிக்கு இடமில்லாத சட்டி

"அவன்தாம்மா கெடுத்தான். எல்லாத்தையும் அவன் ஒருத்தன்தான் கெடுத்தான். அவனே வந்து சரி பண்ணட்டும்."

பாறை உச்சிக்கு ஏறி வந்த தங்கப்பழம் கும்பிடுகூடப் போடவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது. பேச மூச்சில்லை, திட்ட மட்டும் இருந்தது.

குகை வாசலில் உட்கார்ந்திருந்த பாறையம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் குகையிலேயே தங்கிவிட்ட துறவி, வயதில் அவருக்கு இளையவள். ஊரெல்லாம் அம்மா என்றது, அதனால் அவரும் அம்மா என்றார். மனசு முட்டிக்கொண்டால் இவளிடம்தான் ஏறி வருவார்.

"யாரு அண்ணாச்சி?"

"அவன் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்."

"சரி. பேரில்லாதவன் என்ன செஞ்சான்?"

"எம் பொண்டாட்டிக்குத் தம்பி. கடையில கூடவே வெச்சிருந்தேன். ஒரு நாள் பழைய மோட்டார் ஒண்ணுக்குப் பேரம் நடக்கு. விலை படிஞ்சு வருது. அந்த நேரத்துல, 'அத்தான், அந்த மோட்டார் ஓடாதே'ன்னு வாங்க வந்தவன் முன்னாலயே சொல்லுதான்!"

"ஓடுமா?"

"ஓடாது. அதுக்கு?"



தங்கப்பழம் மூட்டை தூக்கி வளர்ந்தவர். சந்தையில் அடியும் வாங்கியிருக்கிறார், ஆளும் பார்த்திருக்கிறார். பேரம் பேசிப் பேசியே பழைய இரும்புக் கடைக்கு முதலாளி ஆனவர். பேரத்தின் நடுவே வாய் வைப்பவன், சோற்றில் மண் போடுபவன். இது அவர் கட்சி.

"வெளிய போலேன்னேன். போயிட்டான்."

"போனவன் போகட்டுமே."

"எப்படிம்மா? வர்ற ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கூட்டிட்டுப் போகாம மணவறையில உக்கார மாட்டேங்கா. அவ அம்மைக்காரி எங்கூடப் பேசியே மாசக்கணக்காச்சு. பத்திரிகை அடிச்சாச்சு. கல்யாணம் நின்னா ஊருல நான் எந்த மூஞ்சியோட நடக்க?"

"ஆள் அனுப்பினீங்களா?"

"அனுப்பாம? மன்னிப்புக் கேட்டுட்டு வரச் சொல்லி அனுப்பினேன்."

"வந்தானா?"

"திமிரு பிடிச்சவன், வரலை."

காற்று அடித்தது. பாறையம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"தோள்ல என்ன அண்ணாச்சி?"

தங்கப்பழத்துக்கு விளங்கவில்லை. குடியே கவிழ்ந்து கிடக்கிறது, இவள் பையைக் கேட்கிறாள்.

"மலையில தண்ணியும் கிடையாது, டீக்கடையும் கிடையாதுல்லா? அதான் வாங்கினேன். இந்தச் சின்னச் சட்டிக்குள்ள எல்லாம் அடக்கம். அடுப்பு, கேஸ் டப்பா, தண்ணிப் பாட்டில். மலையேறுற பயலுவ கொண்டுபோற சாமான். கடைக்காரன் சொன்ன விலையில பாதிக்கு முடிச்சேன்."

"டீ போடுங்களேன்."

போட்டார். அடுப்பின் மூன்று காலையும் விரித்து, டப்பாவைத் திருகி, சட்டியில் பாட்டில் தண்ணீரைப் பாதி ஊற்றினார். சட்டைப் பையிலிருந்து டீத்தூளும் சர்க்கரையும் வந்தன. மூடியில் அவள் குடித்தாள். சட்டியோடு அவர் குடித்தார்.

"நல்லாருக்கு" என்றாள். "எடுத்து உள்ள வைங்க. பிறகு பேசுவோம்."

இது ஒரு வேலையா? அடுப்பை மடக்கிச் சட்டிக்குள் வைத்தார். டப்பாவைப் பக்கத்தில் செருகினார். கடைசியில் பாட்டில். அது உள்ளே போகவில்லை. கழுத்தளவு வெளியே நின்றது.

எல்லாவற்றையும் கொட்டினார். டப்பா முதலில், அடுப்பு அதன் மேல், கடைசியில் பாட்டில். போகவில்லை.

அடுப்பைத் தலைகீழாக்கினார். டப்பாவைப் படுக்கவைத்தார். பாட்டிலைக் குத்தினார், திருகினார், உள்ளங்கையால் ஓர் அறை அறைந்தார். பாட்டில் துள்ளி வெளியே விழுந்தது.

"இதைச் செஞ்சவன் வெளங்குவானா? கடையில எல்லாம் உள்ளேதாம்மா இருந்தது! என் கண்ணு முன்னாலதான் அடுக்கினான்!"

"அதே சாமான்தானே அண்ணாச்சி?"

"அதே சாமான்தான்."

"அதே சட்டிதானே?"

"அதே சட்டிதான்! அதான் புத்தி பேதலிக்குது."

வேர்த்துக் கொட்டியது. கோபத்தில் பாட்டிலை எடுத்துத் தூரத்தில் நங்கென்று வைத்தார். அடுப்பும் டப்பாவும் மட்டும் உள்ளே போயின. மூடி கச்சிதமாக உட்கார்ந்தது.

தங்கப்பழத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. சட்டியைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தியளா! தகராறு பிடிச்சது அது ஒண்ணுதான். அதை வெளிய தள்ளுனா மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கு."

"ஆமா. ஒழுங்காத்தான் இருக்கு." பாறையம்மா எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னொரு டீ போடுங்க."

மறுபடியும் பிரித்தார். அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றினார். கை நீட்டினார்.

"பாட்டிலைக் குடுங்க."

"அது வெளிய உள்ளதாச்சே. உள்ள இருக்கிறதை வெச்சுப் போடுங்க."

"தண்ணியில்லாம எப்படிம்மா டீ போட?"

"எனக்கும் தெரியலை அண்ணாச்சி. அதான் பாத்துட்டிருக்கேன்."

விளையாடுகிறாளா? கண்ணைப் பார்த்தார். எத்தனையோ வியாபாரிகளின் கண்ணைப் படித்தவர் அவர். இந்தக் கண்ணில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அடியில் ஒட்டியிருந்த டீ புகைந்தது. தீய்ந்த வாடை மூக்கைப் பிடித்தது.

"சட்டி கருகுதும்மா!"

"யார் வீட்டுச் சட்டி?"

"என் வீட்டுச் சட்டி!" என்று கத்தினார்.

கத்திவிட்டு, தான் கத்தியது எதற்கென்று அவருக்கே தெரியாமல் விழித்தார். பிறகு அவசரமாக அடுப்பை அணைத்தார். சட்டியை இறக்கியதில் விரல் சுட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அவ்வளவு பெரிய முதலாளி.

பாறையம்மா கருகிய சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கடைக்காரர் இதுல முதல்ல எதை வெச்சார்?"

"தெரியலை."

"பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன். நான் அவன் மூஞ்சியைல்லா பாத்துட்டிருந்தேன். பேரத்துல மூஞ்சிதான் ஆளைக் காட்டிக் குடுக்கும். கையைப் பாத்தா ஏமாந்துருவோம்."

"உங்க மச்சினன் அன்னைக்குச் சொன்னப்போ?"

"என்னது?"

"அவன் மூஞ்சியைப் பாத்தீங்களா?"

தங்கப்பழம் வாயைத் திறந்தார். வாங்க வந்தவன் முகம் ஞாபகம் வந்தது. அவன் மீசை, அவன் நெற்றிச் சுருக்கம், விலை தவறிப்போன கணத்தில் அந்த உதடு சுழித்தது, அத்தனையும் வந்தது. மச்சினன் முகம் மட்டும் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

"எனக்குத் தலை சுத்துதும்மா. நான் கேட்டது ஒண்ணு, நீங்க பண்றது ஒண்ணு. கல்யாணத்தைக் கேட்டா பாட்டிலைக் காட்டுதீங்க. என் மரமண்டைக்கு ஏறுற மாதிரி ஒரே வார்த்தை சொல்லுங்க. இது சரியாகுமா, ஆகாதா?"

"ஆகும்."

"எப்படி?"

பாறையம்மா மடியிலிருந்த பாட்டிலை எடுத்துக் காலிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே வைக்கவில்லை. அவர் கை நீளப் பார்த்தது. அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். முதன்முறையாக அவள் குரல் தடித்தது.

"இதைக் கோபத்துல வெளிய தள்ளினவன் எவனோ, அவன் வரணும். வந்து, முதல்ல இதை உள்ள வைக்கணும். பிறகுதான் மத்தது. முகூர்த்தத்துக்கு முன்னால வந்து சரி பண்ணச் சொல்லுங்க அண்ணாச்சி, அந்த ஆளை!"