ஆள்காட்டிப் பறவை தரையிறங்கிய கதை

மரமும் மாடும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரிசல் காட்டில் ஓர் ஓடைக்கரை ஊர் இருந்தது. ஊருக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு தோட்டம். அது தனியாக யாருக்கும் சொந்தமில்லை. பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடப்பவன், வழிநடையாக வருகிறவர்கள் என்று யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். முடிந்தவர்கள் வந்து பாடுபட வேண்டும், முடியாதவர்கள் வந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

பாடுபட வந்தவர்களில் மனிதர்களும் உண்டு, மற்ற உயிர்களும் உண்டு. அணில் விதை கொண்டுவந்தது. கீரி எலிகளை விரட்டியது. ஆமை ஈரமண்ணை முதுகில் ஏற்றி வந்து, உடைந்த வரப்புகளை அடைத்தது. அதிகம் பேசாது. அது வந்ததையும் போனதையும் யாரும் கவனித்ததில்லை. வரப்பு சரியாகியிருக்கும், அவ்வளவுதான் தெரியும். எல்லோரையும் சேர்த்து வேலை நடத்தியவள் வேம்பாயி. அவளே ஒரு காலத்தில் பட்டினியோடு அந்த வழியாக வந்து, அந்தத் தோட்டத்துச் சுரைக்காயால் பிழைத்தவள். பிறகு வேறெங்கும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டாள்.

தோட்டத்துக்குக் காவல் ஆள்காட்டிப் பறவை. அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. கால்கள் மஞ்சளாக இருந்ததால் மஞ்சக்காலி என்று அழைத்தார்கள். மற்றப் பறவைகளைப் போல அதுவும் மரத்தில்தான் கூடு கட்டியிருந்தது. ஓரத்தில் நின்ற வாகை மரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் தோட்டம் முழுவதும் தெரியும். மஞ்சக்காலியின் கண்ணுக்குத் தப்பி ஓர் எறும்புகூட உள்ளே வர முடியாது என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்வதைக் கேட்க அதற்கும் பிடிக்கும்.

ஒரு வருடம் கோடை மிகவும் கடுமையாக வந்தது. மாசியிலேயே ஓடை வற்றிவிட்டது. சித்திரையில் நிலம் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடித்தது. தோட்டத்துக்கு மிஞ்சியது ஓடை ஓரத்து ஊற்றுக்குழி ஒன்றுதான். காலையில் தண்ணீரை இறைத்துச் செடிகளுக்கு ஊற்றுவார்கள். குழிக்குள் இறங்க வெட்டிய படிகளில், பொழுது சாய்வதற்குள் அடியிலிருந்து நாலாம் படி வரை மறுபடி ஊறியிருக்கும். அதை இறைத்து மீதிப் பாத்திகளுக்கு ஊற்றுவார்கள். இடையில் உச்சி வெயிலில் ஒருவராலும் நிற்க முடியாது. எல்லோரும் புளியமர நிழலில் போய் விழுந்து கிடப்பார்கள். அந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டியது மஞ்சக்காலி மட்டும்தான்.

முதல் சில நாட்கள் அது விழித்துத்தான் இருந்தது. ஆனால் அனல் காற்று வீசும். இலையெல்லாம் சுருண்டு கிடக்கும். எங்கும் ஒரு சத்தம் இருக்காது. ஒருநாள் கண்ணைச் சற்று மூடியது. திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மறுநாளும் தூங்கியது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அப்போதுதான் தண்ணீர் குறையத் தொடங்கியது. நாலாம் படி வரை ஊற வேண்டியது மூன்றாம் படியில் நின்றது. இரண்டு நாளில் இரண்டாம் படிக்கு வந்தது. கத்தரி வாடியது. கீரைப் பாத்தி இரண்டைக் காயவிட வேண்டியதாயிற்று. யாரோ மத்தியானத்தில் வந்து தண்ணீரை எடுக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. கொண்டையன் என்ற ஆட்டுக்காரனுக்குத்தான் கோபம் அதிகம். அவன் மனைவி பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. பால் ஊற அந்தத் தோட்டத்துக் கீரையைத்தான் நம்பியிருந்தார்கள். விடிந்ததும் முதல் ஆளாக வந்து, உள்ளங்கை கொப்பளிக்கக் குடம் சுமந்தவன் அவன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் ஊற்றுக்குழி அருகே கூடினார்கள். வேம்பாயி வாகை மரத்தை அண்ணாந்து பார்த்து, மத்தியானத்தில் இந்தப் பக்கம் யார் வந்தது என்று கேட்டாள்.

தூங்கிவிட்டேன் என்ற சொல் மஞ்சக்காலியின் வாய் வரை வந்தது. கீழே அத்தனை முகங்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. அன்று கண் விழித்தபோது, ஆமை உடம்பெல்லாம் ஈரத்தோடு குழியிலிருந்து ஏறிப் போனதைப் பார்த்தது அதற்கு நினைவு வந்தது.

"ஆமையைப் பார்த்தேன்" என்றது.

கூட்டம் ஆமையின் பக்கம் திரும்பியது. அது வரப்போரமாக நின்றிருந்தது. முதுகில் ஈரமண் இன்னும் காயவில்லை. கொண்டையன் அந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான். நாங்கள் நாக்கு வறண்டு கிடக்கும்போது நீ தண்ணீரில் புரள்கிறாயா என்று கேட்டான். தான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்று ஆமை சொன்னது. அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆளாளுக்குப் பேசினார்கள். ஆமை மெதுவாகக் கழுத்தை நீட்டி மரத்தைப் பார்த்தது.

"நான் இறங்கினதிலிருந்து ஏறினது வரைக்கும் பார்த்தியா தாயி?"

முழுவதும் பார்த்திருந்தால், குழிக்குள் அது என்ன செய்தது என்றும் பார்த்திருக்க வேண்டும். மஞ்சக்காலி பார்த்தது ஏறிப் போனதை மட்டும்தான். அதைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

"பார்த்தேன். தினமும்தான் பார்க்கிறேன்" என்றது மஞ்சக்காலி.

ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. கொண்டையன் இனி இந்தத் தோட்டத்தில் கால் வைக்காதே என்றான். வேம்பாயிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவளும் நாள் முழுவதும் வெயிலில் நின்று களைத்திருந்தாள். கூட்டமே ஒருபக்கம் நின்றபோது எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். ஆமை திரும்பி நடந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது.

"குழியோட வடக்குச் சுவரை மட்டும் பார்த்துக்கோங்க" என்றது.

அது குத்தலாகப் பேசுகிறது என்று நினைத்தார்கள். வெடித்துக் கிடந்த ஓடைப் படுகை வழியாக ஆமை போய் மறையும்வரை மஞ்சக்காலி பார்த்துக்கொண்டே இருந்தது. அன்று அதற்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தண்ணீர் ஒரு படிதான் ஊறியது. அதற்கு மறுநாள் மத்தியானம் மஞ்சக்காலி கண் இமைக்காமல் குழியையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. ஆனால் தண்ணீர் மட்டும் இறங்கியது. அதன் கண்ணெதிரிலேயே முதல் படி தெரிந்தது. அடிச்சேறு தெரிந்தது. பிறகு வடக்குச் சுவர் பொதுக்கென்று உள்ளே சரிந்தது. மஞ்சக்காலி கத்திய கத்தலில் புளியமரத்தடியில் கிடந்தவர்கள் எல்லோரும் எழுந்து ஓடிவந்தார்கள்.

சுவரில் ஓர் ஆள் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. நிலம் பிளந்தபோது உண்டான வெடிப்பு அது. ஊறிய தண்ணீரெல்லாம் அந்த வழியாக மண்ணுக்குள் போயிருக்கிறது. கொண்டையன் குழிக்குள் இறங்கி, சரிந்து கிடந்த மண்கட்டி ஒன்றை எடுத்தான். வெடிப்புக்குள் வைத்து அடைத்த களிமண் அது. அதன்மேல் கட்டம் கட்டமாக ஓர் அச்சு பதிந்திருந்தது. ஆமையின் ஓட்டில் இருக்கும் அதே கட்டங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு பூச்சு இருக்கும். எல்லோரும் நிழலில் கிடந்த நேரத்தில் அது தினமும் குழிக்குள் இறங்கி, மண்ணை அப்பி, அது இறுகும்வரை முதுகால் முட்டுக் கொடுத்து நின்றிருக்கிறது. வெயிலில் வெந்து கிடந்தவர்களை எழுப்ப அதற்கு மனம் வரவில்லை போலும்.

கொண்டையன் அந்த மண்கட்டியைக் கீழே வைக்கவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. அப்படியே நின்றான்.

மஞ்சக்காலி மரத்தைவிட்டு இறங்கி வந்தது. தான் தூங்கிப்போனதையும், ஒரே ஒரு நாள்தான் ஆமையைப் பார்த்ததையும், அதுவும் ஏறிப் போகும்போதுதான் பார்த்தது என்பதையும் எல்லோர் முன்னிலும் சொன்னது. அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று சிறகை ஒடுக்கிக்கொண்டு நின்றது. யாரும் அடிக்கவில்லை. வேம்பாயி குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்? சரி, நாளைக்கு வேற ஒரு ஆளைக் கூட வச்சுக்கோன்னுதானே சொல்லியிருப்போம்" என்றாள். பிறகு, "நானும் அன்னிக்கு வாயைத் திறக்கலை" என்றாள்.

அவர்கள் மண் சுமந்து வெடிப்பை அடைத்துப் பார்த்தார்கள். ஊற்று வேறு வழி பிடித்துக்கொண்டுவிட்டது. குழி மறுபடி நிறையவில்லை. எட்டு நாளில் கத்தரியும் கீரையும் கருகின. சுரைப்பந்தலில் சருகு மட்டும் சலசலத்தது. கொண்டையன் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு மாமனார் ஊருக்குப் போனான். போவதற்கு முன் மூன்று நாள் ஓடை நெடுக நடந்து ஆமையைக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. வேம்பாயி கடைசிவரை இருந்து, கிடைத்த விதைகளைத் துணியில் முடிந்துகொண்டு வேறு ஊர் தேடிப் போனாள். போகும்போது மஞ்சக்காலியின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அதைத்தான் அந்தப் பறவையால் தாங்க முடியவில்லை.

தண்ணீர் தேடி ஒவ்வொருவராகப் போய் ஊரே காலியான பிறகும் மஞ்சக்காலி தேடிக்கொண்டே இருந்தது. பறந்து தேடியது. உயரத்திலிருந்து பார்த்தால் ஆமையும் மண்கட்டியும் ஒன்றுபோலத் தெரிந்தன. சுடுகாற்றில் கண்களைத் திறந்தபடியே இருந்ததால் கண்ணோரம் சிவந்து வீங்கியது. ஓடை வளையில் ஒரு நண்டு இருந்தது. ஆமையைப் பார்த்தாயா என்று அதனிடம் கேட்டது. நண்டு சொன்னது: "மேலே எங்கேயும் இருக்காது. கோடையில மண்ணைத் தோண்டி உள்ளே போயிரும். எந்த இடம்னு தெரியாது. கூப்பிட்டா கேக்கும். வருமா வராதான்னு எனக்குத் தெரியாது."

மஞ்சக்காலி மறுபடி மரத்துக்குப் போகவில்லை. வாகை மரத்துக் கூடு காற்றில் பிய்ந்து விழுந்தது. முட்டையிடும் காலம் வந்தபோது, ஆமை எங்கே படுத்திருக்கிறதோ என்ற நினைப்பில் மண்ணைவிட்டு விலக மனமில்லாமல், வெறும் தரையிலேயே நாலு கூழாங்கல்லுக்கு நடுவில் முட்டையிட்டது. தூங்கிவிடுவோமோ என்ற பயத்தில், மனிதரோ மாடோ நாயோ தூரத்தில் வரும்போதே விடாமல் கத்தியது. யார் வந்தாலும் காட்டிக்கொடுக்கிறது என்று வழிப்போக்கர்கள் ஆள்காட்டி என்று பெயர் வைத்தார்கள். அது அந்தப் பெயரை மறுக்கவில்லை.

அந்தக் கோடையிலிருந்துதான் ஆள்காட்டிப் பறவை மரக்கிளையில் அமர்வதில்லை. ஏரிக்கரையிலும் தரிசிலும் இன்றும் அதைப் பார்க்கலாம். நாலடி ஓடும், நிற்கும், தலையைச் சாய்த்து மண்ணுக்குள் ஏதாவது அசைகிறதா என்று கேட்கும். ஒன்றும் கேட்காது. இன்னும் நாலடி ஓடும்.