முதல் வரியைத் தின்ற முள்ளம்பன்றி

பிடிக்கவில்லை. அதனால் ஈட்டியப்பன் அந்தத் தேக்கிலையையும் தின்றுவிட்டான்.

ஈட்டியப்பன் ஒரு முள்ளம்பன்றி. பிளஸ் டூ படிக்கிறான். காலையிலிருந்து ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து இங்கிலீஷ் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறான். எழுதிக்கொண்டிருக்கிறான் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் தின்றுகொண்டிருக்கிறான்.

ஓர் இலையை எடுப்பான். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்குவான். ஒரு வரி கீறுவான். தேக்கிலையில் கீறினால் சிவப்பாகத் தெரியும். சிவப்பாகத் தெரிந்த வரியை ஒருமுறை படிப்பான். "சீ" என்பான். வேறு யாராவது படித்துவிடுவார்களோ என்று பயந்து, இலையைச் சுருட்டி வாயில் போட்டுக்கொள்வான். பிறகு அடுத்த இலை.

பொழுது இறங்குவதற்குள் கட்டுரை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஃபெயில்.

ஏனென்றால் அந்தக் காட்டின் இங்கிலீஷ் டீச்சர் ஒரு வாலாட்டிக் குருவி. ஐப்பசியில் எங்கோ வடக்கே குளிர்நாட்டிலிருந்து வருவார். பங்குனியில் வெயில் ஏறியதும் கூட்டத்தோடு திரும்பிப் போய்விடுவார். இன்று இருட்டியதும் கூட்டம் கிளம்புகிறது. அதற்குள் கட்டுரை கொடுக்காதவன் அடுத்த ஐப்பசிவரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் மட்டும் போதாது. பின்னால் வருகிற தன் சொந்தத் தம்பியோடு ஒரே வரிசையில் உட்கார வேண்டும்.

முள்ளம்பன்றிக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்காதீர்கள். யாருக்கும் தெரியாது. ஆனால் இங்கிலீஷில் பாஸ் ஆகாதவனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் வளை கிடையாது. அது காட்டின் சட்டம். மரவள்ளிக் கிழங்கு முழுக்க அக்கரையில்தான் விளைகிறது. அதனால் இங்கிலீஷ் தேவை.

இவ்வளவு சிக்கலும் பேச்சியால் வந்தது.

பேச்சி ஒரு மைனா. வகுப்பில் முதல் ரேங்க். ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுவாள். காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு பரீட்சை கைடு அவளிடம் இருந்தது. அதில் 'மலைவாசஸ்தலத்துக்கு ஒரு ரயில் பயணம்' என்று ஒரு கட்டுரை. அதை அவள் கிளையில் உட்கார்ந்து சத்தமாக ஒப்பிப்பாள். கீழே உட்கார்ந்து வகுப்பு மொத்தமும் மனப்பாடம் செய்யும். எந்தத் தலைப்பு வந்தாலும் அதையே எழுதிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. மூத்த வகுப்பும் அப்படித்தான் பாஸ் ஆனது. அதற்கு மூத்த வகுப்பும் அப்படித்தான்.

இந்த வருஷம் டீச்சர் எல்லா இலைகளையும் ஒரே நாளில், ஒரே கிளையில் உட்கார்ந்து படித்துவிட்டார். படிக்கப் படிக்க அவர் வால் மெதுவானது. பிறகு நின்றேவிட்டது. வாலாட்டிக் குருவிக்கு வால் நிற்பது சாதாரண விஷயம் இல்லை.

முதலில் மாட்டியது சுருளி. சுருளி ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில். கறையானைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான்.

"சுருளி, நீ ரயிலில் போனாயா?"

"ஆமாம் டீச்சர்."

"யாரோடு?"

"மாமாவோடு டீச்சர்."

"மாமா என்ன வாங்கிக் கொடுத்தார்?"

"ரெண்டு ஐஸ்கிரீம் டீச்சர்."

டீச்சர் அவனையே பார்த்தார். சுருளி அப்படியே பந்தாகச் சுருண்டுகொண்டான். கடினமான கேள்விகளுக்கு அவன் வீட்டில் எல்லோரும் சொல்கிற பதில் அது. வகுப்பு முடிந்தபிறகுதான் பிரிந்தான்.

அடுத்தது ஈட்டியப்பன். அவன் கட்டுரையில், ஜன்னலோரத்தில் அம்மா மடியில் தலைசாய்த்துத் தூங்கியதாக ஒரு வரி இருந்தது. முள்ளம்பன்றி யார் மடியிலும் சாய்ந்ததில்லை. சாய்ந்தால் மடிக்குச் சொந்தக்காரர் சும்மா இருக்கமாட்டார். டீச்சர் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். வகுப்பு சிரித்தது. அதே வரியைத் தாங்களும் எழுதியிருக்கிறோம் என்பதை மறந்துவிட்டுச் சிரித்தது.

எல்லா இலைகளையும் டீச்சர் ஓடையில் விட்டார். புதிதாக எழுதச் சொன்னார். உனக்கு நடந்தது ஒன்று, உன் வார்த்தையில். அவ்வளவுதான். ரயில் கூடாது. மாமாவும் கூடாது.

எப்படி ஆரம்பிப்பது என்று ஈட்டியப்பன் கேட்டான். முதல் வரி அசிங்கமாகத்தான் வரும், வந்தால் வரட்டும், அதைத் திரும்பிப் பார்க்காமல் கீழே அடுத்த வரியை எழுது என்றார் டீச்சர்.

"சரி டீச்சர்" என்றான் ஈட்டியப்பன். 'சரி டீச்சர்' அவனுக்கு நன்றாக வரும்.

இப்படித்தான் இன்றைய காலை வந்தது. இலைகள் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன.

வெயில் ஏறும்போது பேச்சி வந்து பாறைமேல் உட்கார்ந்தாள். எழுதுகிற முள் முனை மழுங்கிவிட்டது, இன்னொன்று வேண்டும் என்றாள். வகுப்பில் எல்லோரும் ஈட்டியப்பன் முள்ளால்தான் எழுதுவார்கள். பரீட்சை நாளில் அவன் முதுகுக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்பார்கள். அவனும் பெருமையாகத் திரும்பி நிற்பான். இன்று வேண்டாவெறுப்பாகத் திரும்பினான்.

பேச்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டு, அவன் மறைப்பதற்குள் இலையை எட்டிப் பார்த்துவிட்டாள்.

அதில் இப்படி இருந்தது: 'இன்றைய வேகமான நவீன உலகில் முள்ளம்பன்றிகள் முக்கியப் பங்கு வகிக்கின்றன.'

"எதுலடா பங்கு?" என்றாள் பேச்சி.

ஈட்டியப்பனுக்குத் தெரியவில்லை. வரி கம்பீரமாக இருக்கிறது என்று எழுதினான். எதில் பங்கு என்று அந்த வரியும் சொல்லவில்லை. இலையைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டான்.

"உடம்பு பூரா பேனா. உள்ள ஒரு வரி இல்ல" என்றாள் பேச்சி. "ஏன்டா, பசிச்சாத் தின்னணும். இப்படி வெட்கத்துக்குத் தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"நீ எழுதிட்டியாடி?"

கைடு இல்லாமல் தனக்கும் வரவில்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் ரயில்தான் வருகிறதாம். அதையே எழுதி வைத்திருக்கிறாள். வாயைத் திறந்தால் ரயில் வருகிறது, அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை, என்று. டீச்சர் பார்த்துவிட்டு மேலே எழுதச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் முள்.

அவள் பறந்துபோனதும் சுருளி வந்தான். அவன் ஏற்கெனவே கொடுத்து, பாஸும் ஆகிவிட்டான். கறையான் புற்றில் தலை மாட்டிக்கொண்ட கதையை எழுதினானாம். டீச்சர் சிரித்தாராம். ஈட்டியப்பன் வாங்கிப் படித்தான். ஒவ்வொரு வரியும் 'அப்புறம்' என்றே ஆரம்பித்தது. அப்புறம் தலையை விட்டேன். அப்புறம் மாட்டிக்கொண்டது. அப்புறம் அம்மா வாலைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் அடித்தாள்.

இதெல்லாம் ஒரு கட்டுரையா என்று ஈட்டியப்பன் மனதுக்குள் இளித்தான். மனதுக்குள் அவனுடைய கட்டுரை எப்போதும் பிரமாதமாகத்தான் இருந்தது. இலைக்கு வரும்போதுதான் அதற்கு ஏதோ ஆகிவிடும்.

சுருளி போகும்போது ஒரு கேள்வி கேட்டான். "ஆமா, உன்னோடது எங்க?"

ஈட்டியப்பன் வயிற்றைத் தடவிக் காட்டினான்.

அடுத்த இலைக்குக் கை நீட்டினான். இலைகளின் குவியலைக் காணோம். பங்குனியில் தேக்கு மொட்டையாகத்தான் நிற்கும். ஓடையோர மரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. அதைத்தான் காலையிலிருந்து தின்று தீர்த்திருக்கிறான். மிச்சம் ஒரே ஓர் இலை.

அந்த இலையை எடுத்து, மூச்சை இழுத்து, அழுத்திக் கீறினான்: 'எழுதுதல் என்பது ஓர் உன்னதமான கலை.'

படித்தான். காலையிலிருந்து எழுதியதிலேயே கேவலமான வரி இதுதான். பழக்கதோஷத்தில் வாயில் வைத்தான்.

இறங்கவில்லை.

வயிறு தவில் மாதிரி இருந்தது. தொண்டைவரை இலை. ஒரு துண்டுக்கும் இடம் இல்லை. மெல்ல முயன்றான், குமட்டியது. எச்சில் வழிய இலையை வெளியே எடுத்துப் பாறையில் வைத்தான். உன்னதமான கலை அவனைப் பார்த்தது. அவனும் அதைப் பார்த்தான். அழிக்க முடியாது. தின்ன முடியாது. வேறு இலையும் கிடையாது.

எரிச்சலில் அதன் கீழே கீறினான்: 'என் வயிறு முழுக்கக் கெட்ட இங்கிலீஷ் இருக்கிறது.'

அது பொய் இல்லை. அதனால் அடுத்ததும் வந்தது. காலையிலிருந்து தின்றதை எழுதினான். ஒவ்வோர் இலையும் என்ன ருசி என்று எழுதினான். கம்பீரமான வரி அதிகம் கசக்கும் என்று எழுதினான். முக்கியப் பங்கு என்றதும் பேச்சி கேட்ட கேள்வியை எழுதினான். சுருளியின் கட்டுரையைப் பார்த்து இளித்ததையும், அவன் பாஸ் ஆகிவிட்டான், தான் ஆகவில்லை என்பதையும் எழுதினான். தம்பியின் பக்கத்தில் உட்காருவதை நினைத்தால் முள்ளெல்லாம் நிற்கிறது என்று எழுதினான். இங்கிலீஷ் நொண்டியது. சில இடத்தில் விழுந்தே கிடந்தது. அவன் நின்று தூக்கவில்லை. தூக்க நேரம் இல்லை.

நிமிர்ந்தபோது இலையின் அடியில் கொஞ்சம் இடம்தான் பாக்கி. வெயில் சாய்ந்திருந்தது. வானத்தில் வாலாட்டிகள் ஒன்றுகூட ஆரம்பித்துவிட்டன.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வயிறும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதுதான் ஆபத்து.

மேலிருந்து ஒருமுறை படித்தான். கீழே இருக்கிற வரிகள் எல்லாம் அவன் பேசுவது மாதிரி இருந்தன. முதல் வரி மட்டும், கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாத ஒருவர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுவது மாதிரி இருந்தது. அதை மட்டும் கொஞ்சம் சரிசெய்யலாம் என்று நினைத்தான். திரும்பிப் பார்க்காதே என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. ஞாபகம் வருவதற்குள் பல் முந்திவிட்டது.

கறுக்.

இலையின் மேல் விளிம்பு வாய்க்குள் இருந்தது. உன்னதமான கலை மொத்தமாகப் போயிற்று. அடுத்த கடிக்கு வாயைத் திறந்தான்.

"வாயை மூடு!"

டீச்சர் பாறைமேல் இறங்கியிருந்தார். பின்னாலேயே பேச்சியும் சுருளியும். இவன் என்ன ஆனான் என்று பார்க்க வந்தவர்கள். டீச்சர் மிச்ச இலையை அலகால் பிடுங்கிக் கல்லில் விரித்துப் படிக்க ஆரம்பித்தார். ஈட்டியப்பன் மெல்லாமல், விழுங்காமல், கன்னம் உப்பி நின்றான். அடுத்த ஐப்பசியில் தம்பி என்ன சொல்லுவான் என்று அவனுக்கு இப்போதே கேட்டது. தள்ளி உட்காருண்ணா, குத்துது.

வால் ஆடியது. வேகமாக ஆடியது. கம்பீரமான வரி கசக்கும் என்ற இடத்தில் டீச்சர் இருமினார். அது சிரிப்பு.

"என் வயிறு முழுக்கக் கெட்ட இங்கிலீஷ் இருக்கிறது" என்று மறுபடி படித்தார். "பிழை நிறைய. இருந்தாலும் ஆரம்பம் நன்றாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்தில் குதிக்கிறாய். யார் சொல்லிக் கொடுத்தது?"

ஈட்டியப்பன் பேசவில்லை. பேசினால் விழுந்துவிடும்.

"டீச்சர்" என்றாள் பேச்சி. அவளால் எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. "அது ஆரம்பம் இல்ல டீச்சர். ஆரம்பத்த அவன் தின்னுட்டான்."

வால் நின்றது. சுருளி முன்னெச்சரிக்கையாகச் சுருண்டுகொண்டான்.

டீச்சர் ஈட்டியப்பனின் கன்னத்தைப் பார்த்தார். இலையின் கடிபட்ட விளிம்பைப் பார்த்தார். கடி சரியாக முதல் வரியோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே ஓர் எழுத்தும் குறையவில்லை.

"விழுங்கு" என்றார்.

விழுங்கினான்.

"முப்பத்தைந்து" என்றார் டீச்சர். "பாஸ்."

முப்பத்தஞ்சுக்காடா ஒரு மரத்தையே மொட்டையடிச்ச என்று பேச்சி கேட்டாள். அவளுக்கு அறுபது. ரயில் கட்டுரைக்கு முன்பெல்லாம் தொண்ணூறு வாங்குவாள். ஆனாலும் அன்று அவள் தலைகீழாகத் தொங்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

வானத்தில் கூட்டம் கூப்பிட்டது. டீச்சர் இலையை ஈட்டியப்பனிடமே திருப்பிக் கொடுத்தார். அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, இன்றைக்கு நீ என்ன கற்றுக்கொண்டாயோ அதை அங்கே எழுதி வை, அடுத்த வகுப்புக்குப் படித்துக் காட்டலாம் என்றார்.

"சரி டீச்சர்" என்றான்.

அவர் பறந்துபோனார். ஈட்டியப்பன் ஆற்றைக் கடந்தான். அக்கரையில் வளை தோண்டினான். மரவள்ளி தின்று கொழுத்தான். அந்த இலை காய்ந்து சருகாகி அவன் வளைச் சுவரில் இருக்கிறது, இதுவரை தின்னவில்லை. ஐப்பசி வரும்போதெல்லாம் ஒரு முள்ளைப் பிடுங்கிக்கொண்டு அதன் முன்னால் உட்காருவான். இன்னும் கொஞ்சம் நல்ல வரியாக வரட்டும் என்று எழுந்துவிடுவான்.

முதல் வரியைத் தின்றே தீருவேன் என்றால், மற்ற வரிகளை எல்லாம் எழுதி முடித்த பிறகு தின்னு: ஈட்டியப்பனை இலையின் அடியில் எழுதச் சொன்ன நீதி அதுதான், அவன் இன்றுவரை எழுதவில்லை.