கரடி கார் வாங்கிய புதன்கிழமை

மருதங்காட்டுக் கரடிக்கு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை வந்துவிட்டது. குளக்கரையில் கீரி நடத்திய கார்க் கடையில் அது பளபளவென்று நின்றது. போன வாரம்தான் அதேபோல் ஒரு காரைச் சிறுத்தை இருநூறு தேனடைக்கு வாங்கியிருந்தது.

கரடியின் குகையில் இருந்தவை முந்நூறு தேனடைகள்.

"ஏங்க, இருநூறுக்கு மேல் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். மீதி நூறு இருந்தால்தான் மழைக்காலத்தில் குட்டிகள் பசியாறும்" என்றது பெண் கரடி.

"பேரத்தில் என்னை மிஞ்ச இந்தக் காட்டில் ஆள் உண்டா? நீ சும்மா இரு!" என்றது கரடி.

புதன்கிழமை காலை நல்ல நேரம் பார்த்துக் கரடி புறப்பட்டது. தோளில் சாமந்தி மாலை. கக்கத்தில் பூசணிக்காய். சக்கரங்களுக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழம். பின்னால் குரங்குகளின் மேளம். வேடிக்கை பார்க்கக் காடே திரண்டு வந்தது.

கீரி மாலையைப் பார்த்தது. பூசணிக்காயைப் பார்த்தது. மேளத்தையும் பார்த்தது.

"முந்நூறு தேனடை, அண்ணே!"

"என்னது! சிறுத்தைக்கு இருநூறுதானே?"

"அவர் வெறுங்கையோடு வந்தார். வேண்டாம் என்று மூன்று தடவை திரும்பிப் போனார். நீங்களும் போய்விட்டு வாருங்களேன்!"

"நூற்றைம்பது! அதற்கு மேல் ஒரு சொட்டுத் தேன் கிடையாது!"

கீரி துணியை எடுத்துக் காரைத் துடைத்தது.

"சரி, இருநூறு! இதுதான் கடைசி!"

கீரி கண்ணாடியைத் துடைத்தது. "மணி பதினொன்றே முக்கால், அண்ணே. பன்னிரண்டுக்கு ராகுகாலம்."

கரடி கோபமாக வாசல் வரை நடந்தது. மேளம் நின்றது.

"என்ன மாமா, கார் இல்லையா? கை காலியா?" என்று கத்தியது ஒரு குரங்கு. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கரடிக்குக் காது சுட்டது. குட்டிகளின் முகம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது. ஆனால் காடே பார்க்கிறதே!

"முந்நூறே வைத்துக்கொள்! ஆனால் கால்மிதி ஒன்று இலவசமாகத் தர வேண்டும்!"

"ஐயோ, உங்கள் பேரத்தை யாரால் தாங்க முடியும்!" என்று கீரி தலையில் அடித்துக்கொண்டே கால்மிதியை நீட்டியது.

அன்று மாலையே கீரியின் கழுதைகள் வந்து, குகையில் ஓர் அடை விடாமல் ஏற்றிக்கொண்டு போயின.

அடைமழை பிடித்தது. குட்டிகள் பசியால் அழுதன. கரடி காரில் ஏறிப் பொந்து பொந்தாகப் போய்த் தேன் கேட்டது.

"இவ்வளவு பெரிய காரில் வருகிறவருக்குத் தேனுக்கா பஞ்சம்? கேலி செய்யாதீர்கள், போங்கள்!" என்று எல்லாரும் கதவைச் சாத்தினார்கள்.

வேண்டாம் என்று திரும்பி வரத் துணியாதவனுக்கு நியாயமான விலை ஒருநாளும் கிடைக்காது.