கலயத்தில் அடைத்த கோபம்

முன்னொரு காலத்தில், அரிசிக்கும் வெல்லத்துக்கும் குறைவில்லாமல், ஒரு நல்ல வார்த்தைக்கு மட்டும் பஞ்சம் பிடித்துக் கிடந்த செம்பருத்திபுரி என்ற நாட்டிலே, சடையப்பர் என்று ஒருவர் இருந்தார். அரண்மனைக் குதிரைகளுக்குக் கொள்ளு அளந்து போடுவது அவர் வேலை. அவருக்கு இருந்த மிடுக்கு அந்த நாட்டு ராஜாவுக்குக்கூட இருந்ததில்லை. அவர் மனைவி பெயர் ஆவுடை. வளர்ந்த பையன்கள் இரண்டு பேர், கடைக்குட்டியாகக் கோமளம் என்று ஒரு பெண்.

ஆரம்பிக்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையைக் கோபமில்லாமல் சொல்ல எனக்குத் தெரியாது.

தீபாவளி வந்தால் ஆவுடைக்குப் பத்துக் கை வேண்டும், இருந்ததோ இரண்டு. அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போவதற்குள் இடித்துச் சலித்து, வெல்லப் பாகு காய்ச்சி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் அறிந்து, அதிரச மாவைக் கிளறி மூடிவைப்பாள். மாவு ஊறுகிற நாட்களிலாவது உட்காருவாளா? தென்னங்குருத்தில் கிளி செய்து வாசலுக்குத் தோரணம் கட்டுவாள். பழைய சேலைகளை வெட்டி ஒட்டுப் போர்வை தைப்பாள். பனையோலைக்குச் சாயம் ஏற்றி விசிறி முடைவாள். பண்டிகையன்று எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்து, வெந்நீர் விளாவிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் சட்டியை ஏற்றுவாள். அவள் குளிக்கப் போகும்போது வெந்நீர் தீர்ந்திருக்கும். அவள் சாப்பிட உட்காரும்போது அதிரசம் தீர்ந்திருக்கும். அவள் புதுச்சேலை கட்டும்போது பொழுதே தீர்ந்திருக்கும். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அந்த வீட்டில் எந்த வாயிலிருந்தும் வந்ததில்லை. கோமளமும் சொன்னதில்லை, அவளை மட்டும் நான் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

ஒரு தீபாவளிக்கு அரண்மனைப் பெரிய மனிதர்கள் விருந்துக்கு வந்தார்கள். சேனாதிபதி ஓர் அதிரசத்தைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். யார் செய்தது என்று விசாரித்தார். வீட்டில் சுட்டது என்றால் கௌரவம் குறைந்துவிடும் என்று சடையப்பருக்குத் தோன்றிவிட்டது. அரண்மனை மடைப்பள்ளியில் தனக்கு வேண்டியவர் கொடுத்தனுப்பியது என்று கூசாமல் சொன்னார். தோரணம் பட்டணத்திலிருந்து வரவழைத்ததாம். சேனாதிபதி வீசிக்கொண்டிருந்த விசிறி கப்பலில் வந்ததாம்.

அடுப்படியில் நின்ற ஆவுடையின் காதில் அத்தனையும் விழுந்தது. வேர்வையைக்கூடத் துடைக்காமல் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

"வாங்கினது இல்ல. நான் சுட்டது," என்றாள்.

அதோடு நிற்கவில்லை. அதிரசத் தட்டை அவர்கள் முன்னாலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெரிய மனிதர்கள் விரலை நக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். சடையப்பருக்கு மானம் போய்விட்டது. பொய் சொன்னபோது போகாத மானம், உண்மை வெளியே வந்ததும் போய்விட்டது, பாருங்கள்.

நேரே மொட்டைக் குன்றுக்குப் பின்னால் குடியிருந்த உலைவாயன் என்கிற மந்திரவாதியிடம் ஓடினார். மனைவியின் கோபத்தை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டார். உலைவாயன் சந்தோஷமாகக் கையைத் தேய்த்துக்கொண்டான். அவள் கையாலேயே செய்த பொருள் ஒன்று வேண்டும், அதை யாரும் ஒருநாளும் பாராட்டியிருக்கக் கூடாது என்றான். வீடு நிறைய அதுதான் கிடக்கிறது என்று சடையப்பர் அந்த ஓலை விசிறியையே கொண்டுவந்து கொடுத்தார். வெட்கமே இல்லாமல் கொடுத்தார்.

உலைவாயன் விசிறியில் மந்திரத்தை ஓதி, கூடவே ஒரு மண்கலயமும் தந்தான்.

"அவ கோபமா இருக்கும்போது மூணு தடவை வீசு. விழுறதை இதுல பிடிச்சு மூடி எங்கிட்ட குடுத்துடு. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

சடையப்பர் வீட்டுக்கு வந்தார். ஆவுடையின் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு தடவை வீசினார். அவள் கண்ணின் சிவப்பு போயிற்று. இரண்டாம் தடவை வீசினார்; அவள் கையின் நடுக்கம் போயிற்று. மூன்றாம் தடவை வீசினார். அவள் வாயிலிருந்து கனிந்த தணல் ஒன்று உருண்டு கலயத்துக்குள் விழுந்தது. ஆவுடை சிரித்தாள்.

"சரி, ஆகட்டும்," என்றாள். யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து அவள் வாயில் வேறு பேச்சு கிடையாது. பெரியவன் முறுக்குக் கேட்டான். சரி, ஆகட்டும். சின்னவன் சீடை கேட்டான். சரி, ஆகட்டும். அரண்மனையிலிருந்து கூடை கூடையாக அதிரசம் கேட்டார்கள். சரி, ஆகட்டும். முடியாது என்று சொல்லக் கொஞ்சமாவது கோபம் வேண்டும் இல்லையா? அதுதான் கலயத்தில் போய்விட்டதே. அவள் ஒவ்வொரு சரிக்கும் ஓர் எள்ளளவு குட்டையானாள்.

யாரும் கவனிக்கவில்லை. அடுப்பு எட்டாமல் போனதும் மணைப்பலகை போட்டு நின்றாள். பலகையும் போதாமல் அடுப்புத் திட்டின் மேலேயே ஏறி நின்றாள். பிறகு கரண்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கிளறினாள். கூப்பிட்ட குரலுக்கு வருகிறாள், சிரித்த முகமாக இருக்கிறாள், வீடு இப்போதுதான் வீடாக இருக்கிறது என்று சடையப்பர் ஊரெல்லாம் பெருமையடித்தார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த ஊரில் ஒரு வேலை கிடைத்திருந்தால் அத்தனை தலையிலும் ஒரு குட்டு வைத்திருப்பேன்.

அடுத்த தீபாவளிக்கு முதல் நாள். தலை பின்னிவிடச் சொல்லிக் கோமளம் தரையில் உட்கார்ந்தாள். அம்மா அவள் முதுகைப் பிடித்து ஏறித் தோள்மேல் நின்றுகொண்டு பின்னினாள். தோளில் பாரமே தெரியவில்லை. கோமளம் திரும்பிப் பார்த்தாள். அம்மா ஒரு சாண் உயரம்தான் இருந்தாள்.

எப்போது இப்படி ஆனாய் என்று கேட்டதற்கு அம்மா சிரித்தாள். கோமளத்துக்குக் கோபம் பொங்கியது. முதலில் அப்பாமேல், அப்புறம் அண்ணன்கள்மேல், கடைசியில் தன்மேலேயே. அதற்குள் பெரியவன் வடை வேண்டும் என்று கத்தினான். "சரி, ஆகட்டும்," என்று அம்மா தோளிலிருந்து இறங்கிப் போனாள். கோமளம் அப்பாவைப் பிடித்துக் கேட்டாள். அவர் மறைக்கவும் இல்லை. சாமர்த்தியம் செய்தவர்போல முழுக்கதையையும் சொன்னார். பாதிப் பின்னலோடு அவள் மொட்டைக் குன்றுக்கு ஓடினாள்.

உலைவாயன் வீட்டில் விறகும் இல்லை, சாம்பலும் இல்லை. ஆனால் அடுப்பு மட்டும் திகுதிகுவென்று எரிந்தது. அடுப்பைச் சுற்றி வரிசை வரிசையாகக் கலயங்கள். ஊர்ப் பெண்களின் கோபத்தையெல்லாம் வாங்கி அடுக்கி, அந்தச் சூட்டில் சோறு பொங்கித் தின்றுவிட்டு, காலை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தான் அந்தச் சோம்பேறி. ஒவ்வொரு கலயமும் உள்ளே முணுமுணுத்தது. 'காலையிலேர்ந்து நிக்கிறேன்' என்றது ஒன்று. 'உப்பு கம்மின்னு சொல்ல மட்டும் தெரியுது' என்றது இன்னொன்று. கோமளம் ஒவ்வொன்றாகக் காதைக் கொடுத்துக்கொண்டே போனாள். மூலையில் ஒரு கலயம் சொன்னது, 'வாங்கினது இல்ல. நான் சுட்டது.'

இது எங்கள் அம்மாவுடையது, எடுத்துப்போகிறேன் என்றாள் கோமளம். உலைவாயன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"எடுத்துக்கோ. கோபம் இருக்கிற கையில அது குளிர்ந்து இருக்கும். உன் கோபம் தணிஞ்சா சுடும். கீழே வெச்சா அணைஞ்சு போகும். அப்புறம் உங்கம்மா எள்ளாகி, அந்த எள்ளும் இல்லாம போயிடுவா. நீ அடக்கமான பொண்ணு, குன்று தாண்டுறதுக்குள்ள வெச்சுடுவே."

கோமளம் கலயத்தை எடுத்தாள். பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. விடுவிடுவென்று நடந்தாள்.

குன்றைத் தாண்டியதும் ஆலமரத்தடியில் சின்ன அண்ணன் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். முகமெல்லாம் சிவந்து கிடக்கிறதே, பெண்பிள்ளைக்கு இத்தனை கோபம் ஆகாது, கீழே வைத்துவிட்டு உட்கார் என்று தேனொழுகச் சொன்னான். களைத்துப் போயிருந்த கோமளத்துக்கு அது இதமாக இருந்தது. கோபம் தணிந்தது, கலயம் சுட்டது. துடித்துப்போய், "நீ போர்த்தியிருக்கியே, அது யாரு தெச்சது?" என்று கேட்டாள். யார் தைத்தார்களோ, வீட்டில் கிடந்தது என்றான் அவன். கோபம் ஏறியது, கலயம் குளிர்ந்தது.

ஆற்றங்கரையில் பெரிய அண்ணன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அம்மா இப்போதுதான் சிரித்த முகமாக இருக்கிறாள், அதைப் போய்க் கெடுக்கலாமா என்று கேட்டான். அம்மாவின் சிரிப்பை நினைத்துக் கோமளம் தயங்கினாள். கோபம் தணிந்தது, கலயம் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா இப்ப எவ்வளவு உயரம் இருக்கா, பார்த்தியா?" என்றாள். கேட்டது வந்துவிடுகிறது, உயரத்தையெல்லாம் யார் பார்த்தார்கள் என்றான் அவன். கோபம் ஏறியது, கலயம் குளிர்ந்தது.

வீட்டு வாசலில் அப்பா மறித்து நின்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"நாளைக்கு ராஜாவே நம்ம வீட்டுக்கு வர்றாரும்மா. உங்கம்மா அவர் முன்னாடி தட்டைப் பிடுங்கினா என் வேலை போயிடும். அப்பாவுக்காகக் கீழே வெச்சுடு."

என்ன இருந்தாலும் அப்பா. கோமளத்தின் மனம் இளகியது. கோபம் தணிந்தது, கலயம் சுட்டது. உள்ளங்கைத் தோல் வழன்றது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் வைத்திருப்பாள். அப்போது உள்ளே யாரோ எதையோ கேட்க, கொசு ரீங்காரம்போல ஒரு குரல் வந்தது. "சரி, ஆகட்டும்." எட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் அளவு அம்மா, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் நின்று ஊசியால் அதிரசத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

கோமளம் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கலயத்தை அம்மாவின் பக்கத்தில் பிடித்து மூடியைத் திறந்தாள்.

"இது உன்னோடதும்மா. எடுத்துக்கோ."

"சரி, ஆகட்டும்," என்றாள் அம்மா. அந்தச் சரிக்கும் ஓர் எள்ளளவு குறைந்தாள். குனிந்தாள், கால் வழுக்கிக் கலயத்துக்குள்ளேயே விழுந்துவிட்டாள்.

சத்தமே இல்லை. பிறகு கலயம் படாரென்று வெடித்தது. அடுப்படி முழுக்கப் புகை. புகைக்கு நடுவில் தலை கூரையைத் தொடுகிறாற்போல ஆவுடை நின்றாள். அவளுடைய பழைய உயரம்தான். பார்த்து வெகுநாளானதால் அவர்களுக்கு அப்படித் தெரிந்தது. ஆற்றங்கரையிலிருந்து பின்னாலேயே வந்துவிட்ட பெரியவன் கூடத்திலிருந்து இன்னும் நாலு அதிரசம் கேட்டான்.

"முடியாது," என்றாள் ஆவுடை.

விறகை இழுத்துத் தண்ணீரை ஊற்றினாள். ராஜா வருகிறாரே என்று சடையப்பர் குழறினார். "வரட்டும். நீங்க சுடுங்க," என்று கரண்டியை அவர் கையில் திணித்தாள். பிறகு மகளின் வெந்த கையைப் பிடித்துப் பார்த்தாள். எண்ணெய் தடவி, துணி சுற்றிவிட்டு, இதை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டாள். மற்றக் கலயங்களைப் பற்றி மகள் சொன்னதும் இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

உலைவாயன் வழிமறித்தான். ஆவுடை அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் ஒதுங்கிக்கொண்டான். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று கலயங்களை எடுத்துப்போய் அந்தந்த வீட்டுப் பெண்ணிடம் சேர்த்தாள். தன் கோபம் கிடைத்த ஒவ்வொருத்தியும் அடுத்தவளுக்குக் கொடுக்கத் தானும் கூட வந்தாள். பொழுது சாய்வதற்குள் செம்பருத்திபுரியில் எல்லா அடுப்புகளும் அணைந்திருந்தன, உலைவாயன் அடுப்பும் சேர்த்து. அவன் பல் கிட்டித்துப்போய், எனக்குக் கொஞ்சம் நெருப்பு என்று கெஞ்சினான். விறகு வெட்டிக்கொள்ளச் சொல்லி ஆவுடை ஒரு கோடாலி கொடுத்தாள்.

மறுநாள் சடையப்பர் தானே பாகு காய்ச்சி, மாவை ஊறவிடாமலே அதிரசம் சுட்டார். பாகு முத்திப்போயிருந்தது. மாவு எண்ணெயில் உதிர்ந்தது, புகை கண்ணைக் கரித்தது, கையில் எண்ணெய் தெறித்தது. பையன்கள் பாத்திரம் தேய்த்தார்கள். ராஜா வந்தார், ஓட்டுச்சில்லு மாதிரி இருந்ததை மரியாதைக்காக மென்றார், ஒன்றும் பேசவில்லை. கூட வந்தவர்களும் பேசவில்லை. சடையப்பருக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கரண்டியோடு கூடத்தில் வந்து நின்றார்.

"விடியறதுக்கு முன்னாடியிலேர்ந்து நிக்கிறேன். கை வெந்து கிடக்கு. ஒருத்தராவது ஒரு வார்த்தை..."

பாதியில் நின்றுவிட்டது. அவர் ஆவுடையைப் பார்த்தார். கூடமே ஆவுடையைப் பார்த்தது.

சடையப்பர் இலை போட்டார், ராஜாவுக்கு முன்னால் அவளை உட்காரவைத்தார், உதிர்ந்ததில் உதிராத ஒன்றைப் பொறுக்கி வைத்தார்.

"இத்தனை வருஷமா நீ எப்படித்தான் செஞ்சியோ, ஆவுடை. நான் ஒரு நாளும் கேட்டதில்ல," என்றார்.

"கேட்டதில்லதான்," என்றாள் ஆவுடை. ஒரு துண்டு கடித்து நிதானமாக மென்றாள். "பாகு முத்திடுச்சு. ஆனாலும் சூடா, உட்கார்ந்து தின்னு எத்தனை காலமாச்சு. நல்லா இருக்கு."

அந்த 'நல்லா இருக்கு' காதில் விழுந்ததும் கொள்ளு அளக்கும் சடையப்பர் கரண்டியோடு குழந்தை மாதிரி அழுதார். ராஜா அவரை வேலையை விட்டு நீக்கவில்லை; பல்வலியோடு அரண்மனை திரும்பினார். அதன் பிறகு அந்த நாட்டில் பலகாரம் தின்ற வாய் பாராட்டாமல் எழுந்ததில்லை என்று கேள்வி.

அவர்கள் சுகமாக இருந்தார்கள், கதை இத்தோடு முடிந்தது. என்ன, இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள்? உங்கள் வீட்டு அடுப்படியிலும் யாரோ தனியாக நின்றுகொண்டிருக்கிறார்கள். எழுந்து போய் அவர்களை உட்காரச் சொல்லுங்கள்.